காகத்துக்கு வைத்த சோறு

வீட்டில் எலி இருக்கிறது என்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரும் எனக்கு நேரே சொன்னதில்லை. "ஒரு சின்னப் பிரச்சினை" என்பார்கள். "ஏதோ ஒண்டு ஓடித் திரியுது" என்பார்கள். ஒரு டொக்டரம்மா ரெலிபோனில் "வீட்டில ஆக்கள் வந்திருக்கினம்" என்று இழுக்க, அவர்கள் போன பிறகு வருகிறேன் என்று நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். எலி பிடிக்கும் எங்கள் கம்பனியின் எலிப்படம் போட்ட வானை அடுத்த ஒழுங்கையில் நிறுத்த வேண்டும். பொறிப்பெட்டியைத் துணியால் மூடிக்கொண்டு, ஏசி திருத்த வந்தவனைப்போல படியேற வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில் இந்த நாடகம் கிடையாது. வான் வந்து நின்றதுமே மேல்மாடியிலிருந்து ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரிக்குக் குரல் கொடுப்பாள்: "எலிக்காரன் வந்திட்டான், உங்கட வீட்டுக்கும் வரச் சொல்லவா?" எலி இரண்டு இடத்திலும் ஒரே எலிதான். வீட்டுக்காரருடைய மூக்கின் உயரத்தில்தான் வித்தியாசம்.

இதை நான் எழுதக் காரணம், நான் வேலைசெய்த கம்பனி ஆண்டு மலர் ஒன்று போடுகிறது. ஓய்வுபெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். இளம் ஊழியர்களுக்கு ஊக்கமளிப்பதாக இருக்க வேண்டுமாம். கேட்டு வந்த பெடியனின் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. சுவரில் செருகினால் மனிதருக்குக் கேட்காத சத்தம் வருமாம், அதைக் கேட்ட எலி வீட்டை விட்டே ஓடுமாம். என் மகளின் வீட்டில் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். முதல் இரண்டு நாள் எலி யோசித்தது. பிறகு அந்தப் பெட்டியின் மேலேயே ஏறி இருந்து முகம் கழுவியது. அப்படிப்பட்ட மலருக்கு இப்படிப்பட்ட கட்டுரைதான் பொருத்தம். அவர்கள் இதைப் போடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எனக்கு முதுகு பலம் போதாது என்று தெரிந்தவுடன் மருதானையில் இருந்த இந்தக் கம்பனியில் சேர்த்துவிட்டார். மருந்து கலக்க ஒரு கிழமை, பொறி கட்ட ஒரு கிழமை. மிச்சமெல்லாம் விமலசேன மாத்தயாவின் பின்னால் நடந்து பழகியதுதான்.

விமலசேன மாத்தயா எங்கள் சுப்பவைசர், சிங்களவர்; மாத்தயா என்றால் ஐயா. மெலிந்து, உயர்ந்து, எப்போதும் நீளக்கை வெள்ளைச் சேட்டோடு இருப்பார். எலி பிடிக்கப் போகிறவனுக்கு வெள்ளைச் சேட்டு எதற்கு என்று முதலாளியே ஒருநாள் கேட்டாராம். ஊத்தை எங்கே இருக்கிறது என்று அதுதான் காட்டும் என்றாராம் இவர். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் கதைக்கவே மாட்டார். சப்பாத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு, அடுப்பும் சட்டியுமாகக் கிடக்கிற குசினியின் நடுவில் குந்தி இருப்பார். வீட்டுக்காரி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாலும் கையைத்தான் ஆட்டுவார். பிறகு டோர்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, சுவர் ஓரமாகப் பார்த்துக்கொண்டே நகருவார். எலி ஒரே பாதையில்தான் போய் வரும். அதன் உடம்பு எண்ணெய் சுவரில் கறுப்பாகத் தடவித் தடவி ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கும் வரை அவர் எழும்ப மாட்டார். கோடு முடியுமிடத்தில் கோதுமை மாவைத் தூவுவார். அடுத்த நாள் காலையில் மாவில் இருக்கும் காலடியைப் பார்த்து, இது கூரை எலி, இது கழிவுநீர்க் கானில் இருந்து வருகிற பெரிய சாதி, இது வெறும் சுண்டெலி என்று பிரிப்பார்.

பொறி வைப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வைத்த அன்றே பொறியை விறைப்பாகக் கட்ட விடமாட்டார். புதிதாக எதைக் கண்டாலும் எலி சந்தேகப்படும். அதனால் சில நாட்களுக்குச் சுட்ட தேங்காய்த் துண்டை மட்டும் பொறியில் வைத்து, அது பயமில்லாமல் தின்று பழகட்டும் என்று விடுவார். அதன் பிறகுதான் வில்லை இழுத்துக் கட்டுவது. வீட்டுக்காரர்களுக்கு இது பொறுக்காது. "எலிக்குச் சாப்பாடு போடவா உங்களைக் கூப்பிட்டது?" என்பார்கள். நஞ்சு என்றால் அவருக்குக் கடைசிக்குக் கடைசி. நஞ்சு தின்ற எலி நாலைந்து நாள் திரிந்து, எவருடைய கையும் எட்டாத இடத்தில்தான் போய்ச் சாகும் என்பார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். எங்கள் ஒழுங்கைக்கு மூன்று ஒழுங்கை தள்ளிப் பிறந்தவர், தெரியாமல் இருக்குமா? ஆனால் வேலைக்குப் போன இடத்தில் ஒரு சொல் தமிழ் பேசமாட்டார். எல்லாம் சிங்களத்தில் என்னிடம் சொல்ல, நான் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொல்வேன். தெரியாதவர் என்று நினைத்தால்தான் சனம் எதிரிலேயே நின்று உண்மையைக் கதைக்கும் என்பது அவருடைய கணக்கு. மாமியும் மருமகளும் அவருக்கு முன்னாலேயே நின்று, "குளிர்ப்பெட்டிக்குப் பின்னால கிடக்கிறதைச் சொல்லிப்போடாதை" என்று குசுகுசுத்ததை நானே கேட்டிருக்கிறேன். அவர் அசையாமல் இருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ வாசம் பிடித்தவரைப்போல குளிர்ப்பெட்டியை நோக்கிப் போவார்.

இனி அந்த வெள்ளவத்தை பிளாட் விஷயம்.

கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் ஐந்து மாடிக் கட்டிடம். குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர் மகாலிங்கம், ஓய்வுபெற்ற பாங் மனேஜர். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் தமிழ்ப் பெடியன் ஒருவன் மொழிபெயர்க்க நிற்கும்போது தான் வாய் நோகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். எங்களை வரவேற்று வரவேற்பறையில் இருத்தி, எலி எங்கிருந்து வருகிறது என்பதை அவரே சொல்லிவிட்டார். கீழ்த்தட்டில் இருக்கிற பாக்கியம் என்ற பெண்ணின் குசினியில் இருந்துதான். அவள் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள், பதுளைப் பக்கத்து மலைநாட்டு ஆள், கண்டபடி எறிகிறவள். நாங்கள் செய்ய வேண்டியது, அவளுடைய குசினியைப் பார்த்து, அங்கிருந்துதான் வருகிறது என்று சங்கத்துக்குச் சொல்வதுதான். மிச்சத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

"கீழ இருக்கிற ஆக்கள் சுத்தமா இருந்தா, மேல இருக்கிற நாங்கள் ஏன் தம்பி கஷ்டப்படப் போறம்?" என்றார் என்னிடம்.

பாக்கியத்தின் குசினிக்குப் போனோம். புருஷனை இழந்து, தனியாக நின்று உழைக்கிறவள். இடியப்பத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. மா வாளிகளுக்கு மூடியும், மூடிக்கு மேலே கல்லும். விமலசேன மாத்தயா வழக்கம்போலக் குந்தி இருந்து, தேடி, கடைசியில் பின்கதவுக்கு வெளியே போனார். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை அங்கே ஒரு திறந்த பெட்டியில் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கோழிகளுக்கு என்று அவள் சேர்த்து வைப்பது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். நான் அப்படியே சொன்னேன். மூடி இல்லாமல் இதை வைப்பதும் எலியை வாசலில் நின்று கூப்பிடுவதும் ஒன்று என்றேன். அவள் வாதாடவில்லை. நாங்கள் அடுத்த மாடிக்கு ஏறுவதற்குள் பெட்டியை எடுத்து, இறுக்கமான மூடி உள்ள தகர வாளிக்கு மாற்றிவிட்டாள். அந்தக் கட்டிடத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவள்தான்.

ஆனால் அந்தச் சக்கை ஐந்து மாடிக்குப் போதாது. கறுப்புக் கோடு அவளுடைய கதவில் இருந்து தொடங்கவில்லை. கட்டிடத்தின் பின்பக்கம், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறும் ஒடுங்கிய சந்து ஒன்று இருந்தது. கோடு அதற்குள்ளே மேலும் கீழுமாக ஓடியது. ஒவ்வொரு மாடியிலும் சந்தில் இருந்து வெளியே வந்து, குசினி ஜன்னலுக்குக் கீழே இருந்த கொங்கிறீற் விளிம்பில் போய் முடிந்தது. அந்த விளிம்புகளில்தான் வீட்டுக்கு வீடு காகத்துக்குச் சோறு வைத்தார்கள். மத்தியானம் ஒரு பிடி சோறும் பருப்பும் கறியும். கட்டிடம் முழுக்க வைத்தால் வெள்ளவத்தைக் காகம் எல்லாம் வந்தாலும் தின்று முடியாது. மிச்சம் காய்ந்து விளிம்பில் கிடந்தது. இருட்டினதும் சந்துக்குள் இருந்து வேறு விருந்தாளிகள் வந்தார்கள். மாவைத் தூவிவிட்டு அடுத்த நாள் காலையில் பார்த்தோம். மாவில் எலிக் காலடிகளுக்கு நடுவே காகத்தின் காலடியைத் தேட வேண்டியிருந்தது.

சங்கத்தைக் கூட்டினார்கள். விமலசேன மாத்தயா எழும்பி நின்று நிதானமாகச் சொன்னார். சோறு வைக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். வையுங்கள், காகம் தின்னும்வரை பாருங்கள், பொழுதுபட முதல் மிச்சத்தை அள்ளி விளிம்பைக் கழுவிவிடுங்கள், நாங்கள் சந்தின் ஓட்டைகளை அடைத்துத் தருகிறோம், அவ்வளவுதான் என்றார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

பிறகு மூன்றாம் மாடியில் இருந்த ஒரு ரீச்சர் அழத் தொடங்கினார். அவருடைய கணவர் இறந்து அதிக காலம் ஆகவில்லை. முதல் பிடி சோறு அவருக்குத்தான் வைக்கிறேன், அதை எலிக்கு வைக்கிறேன் என்று சொல்ல இந்த ஆளுக்கு என்ன உரிமை என்றார். அவருடைய அழுகையை நான் இளப்பமாக எண்ணவில்லை. அவரைச் சாட்டி மற்றவர்கள் ஆடிய ஆட்டத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சமயத்தை நிந்தித்தாயிற்று என்றார் ஒருவர். தன் அம்மாவுக்கு ஊரில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கப் போகாதவர் என்று அதே கட்டிடத்தில் அவரைப் பற்றிக் கதை இருந்தது. கீழ்த்தட்டுக்காரி எங்களுக்கு இடியப்பம் தந்து வாயை அடைத்துவிட்டாள் என்றார் இன்னொருவர்.

மகாலிங்கம் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் எங்கட ஆள். உமக்கு விளங்கும். இந்த மோடனுக்கு எங்கட பழக்கவழக்கம் என்ன தெரியும்? கீழ் வீட்டில இருந்துதான் வருது எண்டு சொல்லிப்போட்டுப் போகச் சொல்லும்."

பக்கத்தில் நின்ற விமலசேன மாத்தயாவுக்கு, தன்னை மடையன் என்றது உட்பட, அது முழுக்க விளங்கியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் சிங்களத்தில் திருப்பிச் சொல்லத் தொடங்க, அவர் போதும் என்று கையைக் காட்டினார். கீழ் வீட்டில் இருந்து வரவில்லை என்று மட்டும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

நாங்கள் மருதானைக்குத் திரும்பும் முன்னரே மகாலிங்கம் முதலாளியோடு ரெலிபோனில் கதைத்து முடித்துவிட்டார். எங்கள் முதலாளி எலியை விட வேகமாக வளைகிற மனிதர். வாடிக்கையாளரின் மனத்தை நோகடித்தாயே என்று விமலசேன மாத்தயாவைப் பிடித்தார். இனி வீடுகள் வேண்டாம், துறைமுகப் பக்கத்துக் களஞ்சியங்களைப் பார் என்று அனுப்பிவிட்டார். அங்கே அரிசி மூட்டைகளும் பெருச்சாளிகளும்தான், மனம் நோக ஒருவரும் இல்லை. நானும் முதலாளியிடம் கேட்டு அவர்கூடவே போனேன். எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

பிளாட்டுக்கு வேறொரு கம்பனி வந்தது. அவர்கள் குந்தி இருந்து பார்க்கவில்லை, மாவும் தூவவில்லை. கீழ் வீட்டில் இருந்துதான் வருகிறது என்று வாசலிலேயே ஒப்புக்கொண்டார்கள். வீட்டின் சொந்தக்காரர் கனடாவில் இருந்தார். சங்கம் அவருக்கு விஷயத்தைச் சொல்ல, அவர் பாக்கியத்தை எழும்பச் சொன்னார். அவள் தட்டுகளையும் வாளிகளையும் திரீவீலரில் ஏற்றியபோது மேலே ஜன்னல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்களாம். அன்று காலையிலும் இரண்டு வீடுகள் அவளிடம் இடியப்பம் வாங்கியிருந்தன. கட்டிடத்தைக் காவல்காத்த வாச்சர் எனக்குச் சொன்னது.

அவள் போன கையோடு அந்தக் கம்பனி குழாய்ச் சந்து முழுக்க நஞ்சுக் கட்டிகளை அள்ளிக் கொட்டியது. கொஞ்ச நாள் ஒரு சத்தமும் இல்லை. பார்த்தீர்களா, ஆளை எழுப்பினதும் எலியும் போய்விட்டது என்று மகாலிங்கம் லிப்டில் வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னாராம். அதற்குப் பிறகு மணம் வந்தது. முதலில் இரண்டாம் மாடியில், பிறகு நாலாம் மாடியில், பிறகு எல்லா இடத்திலும். சந்துக்குள் எட்டாத இடங்களில் எலிகள் செத்து ஊதிக் கிடந்தன. சாம்பிராணி போட்டார்கள், வாசனைத் தண்ணீர் தெளித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன்தான் மீனைக் கெடவிட்டான் என்று ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்தார்கள். மயங்கிக் கிடந்த எலிகளைத் தின்ற காகங்கள் விளிம்புகளிலேயே விழுந்து செத்தன. ரீச்சரின் ஜன்னலில் ஒன்று கிடந்ததாம்.

மகாலிங்கம் இந்தத் தடவை ரெலிபோன் எடுக்காமல் நேரே மருதானைக்கே வந்தார். முதலாளி களஞ்சியத்துக்கு ஆள் அனுப்பினார். நான் விமலசேன மாத்தயாவாக இருந்தால் போயிருக்க மாட்டேன். போனாலும், வாசலில் நிறுத்திவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர் வெள்ளைச் சேட்டின் கையை மடித்துக்கொண்டு வானில் ஏறினார். வழியில் நான் புறுபுறுத்தேன். அங்கே சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பிலிப், என்றார் என்னிடம்.

முழுதாகச் செய்தோம். சந்தின் தகடுகளைக் கழற்றி, வாயில் துணி கட்டிக்கொண்டு, அழுகினதை எல்லாம் கையாலேயே எடுத்துப் பையில் போட்டோம். பாதியில் நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. சுவரைக் கழுவி, மருந்து அடித்து, குழாய் நுழையும் ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி நாரைத் திணித்து மேலே சீமெந்து பூசினோம். கட்டைவிரல் போகும் ஓட்டை இருந்தால் எலிக்கு அது திறந்து கிடக்கிற கேற் மாதிரி. மதிலுக்கு மேலால் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்ற மாங்கொப்பை வெட்டுவித்தோம். மிஞ்சின எலிகளுக்குப் பொறி வைத்து, பழக விட்டு, பிறகு கட்டினோம்.

எல்லாம் முடிந்து சங்கம் மறுபடியும் கூடியது. விமலசேன மாத்தயா முதல் நாள் சொன்னதையே மறுபடி சொன்னார். வையுங்கள், தின்னவிடுங்கள், பொழுதுபட முதல் கழுவுங்கள். நானும் அதே சொற்களில் தமிழாக்கினேன். இந்த முறை எல்லாத் தலைகளும் ஆடின. ரீச்சரம்மா மட்டும், "அப்பிடியே செய்யிறன்" என்று வாய் திறந்து சொன்னார்.

கீழ்த்தட்டு வீட்டுக்காரி எங்கே என்று விமலசேன மாத்தயா கேட்கச் சொன்னார். கேட்டேன்.

மகாலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார். "அவ தானாத்தான் போனவ தம்பி. நாங்கள் ஒருத்தரும் போகச் சொல்லேல்லை. அதை அவருக்கு விளங்கச் சொல்லும்."

நான் சிங்களத்தில் சொல்லத் திரும்பினேன். விமலசேன மாத்தயா தமிழில் சொன்னார்.

"சொல்லத் தேவையில்லை. எனக்கு விளங்குது. அவ போகேல்லை. நீங்க அனுப்பினது."

அத்தனை வருடத்தில் வேலைக்குப் போன இடத்தில் அவர் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிலர் தரையைப் பார்த்தார்கள். அன்று மகாலிங்கம் அவரை மோடன் என்றதை நினைத்துப் பார்த்திருக்கலாம், எனக்குத் தெரியாது. மகாலிங்கம் வெட்கப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். மனிதர் கோபப்பட்டார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியும் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே," என்றார். "இது முறையில்லை."

அவரைப் பொறுத்தவரை அந்தக் கட்டிடத்தில் நடந்த ஒரே அநியாயம் அதுதான்.

கொஞ்ச மாதம் கழித்து பாக்கியம் கம்பனிக்கு ரெலிபோன் எடுத்து எங்களைக் கேட்டிருந்தாள். கிருலப்பனையில் ஒரு சின்னக் கடை எடுத்திருந்தாள். கடை திறக்க முன்னர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டுமாம். போனோம். விமலசேன மாத்தயா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குந்தி இருந்தார். பின்பக்கக் கானுக்குக் கம்பி வலை போட வேண்டும் என்று இந்த முறை தமிழிலேயே சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு, அடுப்பில் ஏற்கனவே ஏற்றியிருந்த முதல் ஈட்டை இறக்கி, எங்களுக்குச் சொதியும் சம்பலுமாக வைத்தாள்.

சாப்பிடும்போது ஒரு விஷயம் சொன்னாள். கனடாக்காரர் கதைத்தாராம். மணம் பட்ட வீடு என்று ஒருவரும் வாடகைக்கு வரவில்லை, நீயே திரும்பி வா, சங்கத்துக்காரரும் இப்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றாராம்.

அங்கே இப்போது ஒரு எலிகூட இல்லை, நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வேணான்னுட்டேண்ணே," என்றாள், அடுத்த ஈட்டுக்கு மாவைப் பிழிந்துகொண்டே. "நான் சாப்பாட்டுத் தொழில் செய்யிறவ. எலி இருக்கிற பில்டிங்குக்கு எப்படிப் போறது?"